எடை பார்ப்பவரும் பட்டை பார்ப்பவரும்

பகாவ் வட்டாரத்தில் இந்நாளில் இலக்கைப் பற்றிப் பேசாத கூட்டமே இல்லை என்று சொல்லிவிடலாம். செம்பனை ஆலையின் நிர்வாகக் கூட்டமாயினும், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமாயினும், தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியமாயினும், ஏன், கோயில் திருப்பணிக் குழுவாயினுங்கூட, தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திறங்கி, ஸ்தாபனத்தின் பிரதான நோக்கம் இன்னது, அந்நோக்கம் நிறைவேறியதற்கு அளந்து காட்டக்கூடிய அத்தாட்சிகள் இன்னின்னவை, அவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறை இன்னார் பரிசீலிக்க வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டி, மாலைத் தேநீருக்குப் பிறகு விடைபெற்றுச் செல்வது வழக்கமாகிவிட்டது. 2009-ஆம் ஆண்டில் அமைச்சர்களுக்கே கேபிஐ என்னும் செயல்திறன் அளவுகோல் வைக்கப்பட்ட காலந்தொட்டு அந்த மூன்றெழுத்து நம் மலேசிய நாட்டில் கடைத்தெரு வரைக்கும் பழகிப்போயிற்று. இப்பொழுது, குறிக்கோளும் முக்கிய விளைவுகளும் என்று விரியும் ஓகேஆர் என்ற மற்றொரு மூன்றெழுத்தும் அதன் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கிறது.

இம்முறைகளைப் பழிப்பது என் எண்ணமன்று. பீட்டர் டிரக்கர் 1954-இல் வெளியிட்ட நிர்வாக நூலில், மேலதிகாரியின் கட்டளைக்காக உழைக்கும் மனிதனைக் காட்டிலும், தானும் உடனிருந்து வகுத்த குறிக்கோளுக்காக உழைக்கும் மனிதன் ஸ்தாபனத்துக்கு அதிகப் பயன் தருவான் என்ற கருத்தை விரித்துரைத்தார். இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அக்கருத்தைத் தீட்டிக் கூர்மையாக்கினார். அங்கே வேலை பார்த்துத் தேர்ந்த ஜான் டோர், 1999-இல், பிறந்து அதிக காலம் ஆகாத கூகுள் நிறுவனத்துக்கு அதை எடுத்துச் சென்றார். டிரக்கரின் நூல் வெளிவந்த அதே 1954-இல்தான், மலாயாவில் சிதறிக்கிடந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தன. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாயினும், குறிக்கோள் வகுக்கும் சாஸ்திரமும் அக்குறிக்கோளைச் சுமப்பவர்களின் சங்கமும் ஒரே ஆண்டில் தோன்றின என்பதை நினைக்கையில் எனக்கு ஒரு தனிச் சுவை தோன்றுவதுண்டு.

நான் பேச வந்தது முறையைப் பற்றியன்று. அதை நடத்தும் மனிதர்களைப் பற்றி. ஒரு ஸ்தாபனத்தில் இலக்கு முறையைப் புகுத்துவதற்கு எவரெவர் வேண்டும் என்று கேட்டால், ஆலோசகர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தருகிறார்கள்: திட்டத்துக்குத் தம் பெயரையும் செல்வாக்கையும் தரும் தலைவர் ஒருவர், நாள்தோறும் அதை முடுக்கிவிடும் அமைப்பாளர் ஒருவர், பெரிய நோக்கத்தைத் தத்தம் பிரிவுக்கு ஏற்பப் பிரித்துக்கொடுக்கும் பிரிவுத் தலைவர்கள், எண்களைச் சேர்த்துவைக்கும் கணக்கர் ஒருவர். இந்த நால்வகையினரும் வேண்டியவர்களே. இவர்களில் எவரைக் குறைத்தாலும் காரியம் நடக்காது. ஆனால் இவர்கள் அனைவரும் மேலிருந்து கீழ்நோக்கிப் பேசுகிறவர்கள், அல்லது கீழே விளைந்ததை எண்ணாக்கி மேலே அனுப்புகிறவர்கள். இலக்கை எட்டும் பிரயாசையில் எது கெட்டுப்போகிறது என்பதைப் பார்த்து, அதைப் பயமின்றி மேலிடத்தில் சொல்லும் ஐந்தாமவர் ஒருவரும் வேண்டும் என்பதும், அவர் இல்லாத இடத்தில் மற்ற நால்வரின் திறமையே தீங்காக முடியும் என்பதும் என் அபிப்பிராயம். இதை எனக்குக் கற்பித்தவை நிர்வாக நூல்களல்ல. கெடிஸ், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தின், கித்தா என்று நாம் சொல்லும் பழைய ரப்பர்க் காடுகளே.

கித்தாத் தோட்டத்தில் இலக்கு என்ற பெயரில் எவரும் ஒன்றும் பேசியதில்லை. ஆயினும் இலக்கு இல்லாத நாளும் அங்கே இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்குப் போய், 400, 500 மரங்களை வெயில் ஏறுமுன் சீவி முடித்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வந்துசேர்வார்கள். அங்கே கிராணி தராசோடும் பேரேட்டோடும் காத்திருப்பார். எடை மட்டும் பார்த்தால் தண்ணீர் கலந்தவனும் கலக்காதவனும் ஒன்றாகிவிடுவார்கள் என்பதனால், மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணித்து, அதையே பேரேட்டில் ஏற்றுவார். இம்மட்டில் பார்த்தால், அளவிடுதலில் இன்றைய கணினிக்காரர்களுக்கு அந்தக் கிராணி ஒன்றும் இளைத்தவரல்லர்.

ஆனால் கிராணியின் தராசுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பால் அதிகம் வேண்டுமென்று நினைப்பவன் உளியைச் சற்று ஆழமாக இறக்கினால் போதும். அன்றைக்கு மங்கு நிறையும், பேரேட்டில் எண் உயரும், மாதக் கடைசியில் கூலியும் கூடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்தில் உளி பட்டுவிட்டாலோ, அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். ஒழுங்காகச் சீவிய இடத்திலேயே பட்டை மறுபடி வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும் என்றால், காயம்பட்ட இடத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று கூடுதலாக ஓர் இறாத்தல் பால் எடுத்தவன், பத்தாண்டுக்குப் பின் வரப்போகிறவனின் பங்கை எடுத்துக்கொண்டவனாகிறான். அவனுடைய பெயரோ அதற்குள் கணக்குப் புத்தகத்தில் நல்ல பெயராக நிலைத்துவிடும்.

இதை அறிந்திருந்த தோட்ட நிர்வாகம், எடை பார்க்க ஒருவரையும் பட்டை பார்க்க வேறொருவரையும் வைத்தது. பட்டை பார்ப்பவர் நிரைநிரையாக நடந்து, வெட்டின் சரிவு, சீவலின் கனம், மரத்தில் பட்ட காயம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போவார். அவருடைய குறிப்பில் காயம் மிகுந்தவனுக்குக் கொட்டகையில் எவ்வளவு பெரிய எண் கிடைத்திருந்தாலும் மறுநாட் பெரட்டில் வசவு நிச்சயம். அந்தக் காலத்துத் தோட்ட ஆட்சியைப் புகழ்ந்து பேசுவதற்கு எனக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாழ்க்கையின் சிறுமைகளை நம் எழுத்தாளர்கள் போதிய அளவு எழுதியிருக்கிறார்கள். ஆயினும் இந்த ஓர் ஏற்பாட்டில் இருந்த விவேகத்தை மறுக்க முடியவில்லை. ஆண்டி குரோவ் 1983-இல் வெளியிட்ட தம் நூலில், ஓர் அளவை வைத்தால் அதனால் விளையக்கூடிய கெடுதியை அளக்கும் மற்றோர் அளவையும் இணையாக வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் பட்டை பார்ப்பவர் செய்ததும் அதுவேதான். குரோவ் சொல்லாமல் விட்டதை நான் சேர்த்துக்கொள்கிறேன்: இரண்டு அளவையும் ஒருவரே வைத்திருந்தால், இரண்டாவது அளவு சீக்கிரத்தில் முதலாவதின் நிழலாகிவிடும்.

ஐந்தாமவர் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. ஜப்பானிய ஆதிக்கத்தின்போது, சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் முற்றியதால், நகரத்து ஜனங்களை வெளியே அனுப்பித் தங்கள் உணவைத் தாங்களே விளைத்துக்கொள்ளும்படி செய்வதென்று முடிவாயிற்று. சீனர்களுக்கு ஜொகூரிலுள்ள எண்டாவ். யுரேசியர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் நம்முடைய பகாவ். 1943-இன் கடைசியிலிருந்து, பூஜிகோ என்று ஜப்பானியப் பெயரிட்ட அக்குடியேற்றத்துக்கு ஏறத்தாழ 3,000 பேர் வந்துசேர்ந்தார்கள். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தாதிகள், மண்வெட்டியைக் கையால் தொட்டறியாத பட்டணத்துக் குடும்பங்கள். இலக்கு தெளிவானது: சுயதேவைப் பூர்த்தி. தலைமையிலும் குறையில்லை, மேற்றிராணியார் அட்ரியன் தெவால்ஸ் ஜனங்களை அனுப்பிவிட்டு ஆசனத்தில் அமர்ந்திருக்காமல் தாமும் கூடவே வந்து காட்டில் உழைத்தார். அமைப்பாளர் இருந்தார், சிங்கப்பூர் நகராட்சியின் நலத்துறையில் இருந்த ஷினோஸாக்கி மாமோரு திட்டத்தை முன்னின்று நடத்தினார். ஆலோசகர்களின் படத்திலுள்ள கட்டங்கள் எல்லாம் நிரம்பியே இருந்தன என்று சொல்ல வேண்டும்.

ஆனால் வெட்டித் திருத்திய காடு மலேரியாக் கொசுவின் வீடு, மருந்து கிடையாது, மண்ணோ எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மேற்றிராணியாரே காலில் பட்ட காயம் விஷமாகி 1945 ஜனவரியில் உயிர் நீத்தார். இவ்விடம் இந்த நோக்கத்துக்கு ஏற்றதன்று, இதை நிறுத்துங்கள் என்று சொல்லக்கூடிய ஒருவரை இராணுவ ஆட்சியில் எங்கே வைப்பது? துப்பாக்கி முனையில் வகுத்த இலக்கை இன்றைய ஸ்தாபனங்களோடு ஒப்பிடுவது மிகை என்று வாசகர் நினைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அர்ப்பணமுள்ள தலைவரும் சுறுசுறுப்பான அமைப்பாளரும் மட்டும் ஒரு திட்டத்தைக் காப்பாற்றிவிட முடியாது என்பதற்கு, நம் ஊர்ப் பெயரோடேயே சரித்திரத்தில் பதிந்துவிட்ட அத்தாட்சி அது.

இன்னும் சாதுவான உதாரணம் வேண்டுமானால் ஆறாம் ஆண்டு மாணவர்களின் யுபிஎஸ்ஆர் தேர்வு இருக்கிறது. 2021-இல் கைவிடப்பட்ட அத்தேர்வு நடந்த ஆண்டுகளில், முடிவு வெளியான மறுநாள் நம் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களை எல்லாப் பாடங்களிலும் ஏ வாங்கிய பிள்ளைகளின் புகைப்படங்கள் அலங்கரித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புகைப்படங்களில் நமக்கெல்லாம் பெருமைதான். அப்பெருமையை நானும் பங்கிட்டுக்கொண்டவனே. கடைசி வரிசையில் அமர்ந்து, ஆறாம் ஆண்டை முடித்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிவைக்கும் உத்தியோகம் நான் அறிந்த எந்தப் பள்ளியிலும் எவருக்கும் தரப்படவில்லை.

இனி, நம்மவர்கள் நன்றாகச் செய்துகாட்டிய ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேற, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாகக் கூறுபோட்டு விற்க, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள் வேலையும் லயமும் ஒருசேர இழந்து நடுத்தெருவில் நின்றார்கள். 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலைப் பற்றிப் பொருளியலறிஞர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். அந்த நேரத்தில் துன் வீ.தி. சம்பந்தன், தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதற்சொத்தாயிற்று.

இக்காரியத்தில் மனிதர்கள் எவ்வாறு பொருந்தினார்கள் என்பதே என் கவனத்தைக் கவர்வது. தலைவர் ஓர் அமைச்சர், ம.இ.கா.வின் தலைவர், அவர் நினைத்திருந்தால் சுற்றறிக்கை ஒன்றோடு முடித்திருக்கலாம். அவரோ தோட்டந்தோட்டமாகச் சென்று, தாமே நின்று பேசி, மாதம் 10 வெள்ளி போட்டுப் பங்கு வாங்கும்படி கேட்டார். நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் 10 வெள்ளி சிறிய தொகையன்று. குடும்பத்தில் ஏதோ ஒன்றைக் குறைத்துக்கொண்டுதான் அதைத் தர முடியும். ஆனால் அந்த இலக்கு எவருக்கும் விளக்கவுரை வேண்டாத இலக்கு. தேசமெங்கும் தோட்டங்களை வாங்குவது என்ற மாபெரும் நோக்கம் பால்மரம் வெட்டும் பெண்ணிடம் வந்துசேரும்போது, இந்த மாதம் 10 வெள்ளி கட்டினேனா இல்லையா என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அந்தக் கணக்கை அவளே சரிபார்த்துக்கொள்ளலாம். பெரியதைச் சிறியதாக்கும் இந்த வேலையைத்தான் இன்றைக்குப் பிரிவுத் தலைவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் பெரியதை அப்படியே பத்தாக வகுத்து, கீழேயுள்ள பத்துப் பேர் தலையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமான மற்றொன்று உண்டு. 10 வெள்ளி கட்டியவள் உறுப்பினள். உறுப்பினளுக்கு வாக்கு உண்டு. பேராளர் மூலமாகவேனும் நிர்வாகத்தைப் பார்த்து, நீங்கள் சொன்னது நடந்ததா என்று கேட்கும் அதிகாரம் உண்டு. ஐந்தாமவரின் ஆசனம் அந்த ஸ்தாபனத்தின் அமைப்பிலேயே போடப்பட்டிருந்தது. 1979-இல் துன் சம்பந்தன் மறைந்த பிறகும், தோ புவான் உமா சம்பந்தன் உள்ளிட்டோர் தலைமையில் சங்கம் தொடர்ந்து நடந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; ஒருவருடைய ஆளுமையில் பிறந்த இலக்கு, கேள்வி கேட்கும் உரிமையுள்ள பலருடைய உடைமையாக மாறியிருந்ததும் அவற்றுள் ஒன்று என்பதே என் எண்ணம்.

அதே உயர்ந்த நோக்கத்தோடு நம் ஜெம்போல் மாவட்டத்தில் தொடங்கிய காட்கோ திட்டம் வேறு விதமாக முடிந்ததை இவ்வட்டாரத்தார் அறிவார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வணிக நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் ஏற்படுத்திய நிலக் குடியேற்றம் அது. தொழிலாளர் குடும்பங்கள் தம் கையிருப்பைக் கொட்டி வந்து குடியேறின. முதலில் கரும்பு, பிறகு கித்தா என்று பாடுபட்டன. காலப்போக்கில் நிறுவனம் கலைப்புக்கு உள்ளாகி, நிலம் வேறு கைக்கு மாற, குடியேறியவர்கள் தாங்கள் உழுத மண்ணின் மேல் தங்களுக்குள்ள உரிமைக்காக 2010-களில் வழக்கும் மறியலுமாக அலைய நேர்ந்தது. அதன் சட்ட நியாயங்களுக்குள் நான் புகவில்லை. குடும்பந்தோறும் நிலம் என்ற இலக்கு குடியேறியவர்களுடையதாகவும், பத்திரமும் கடன் கணக்கும் நிறுவனத்துடையதாகவும் பிரிந்துகிடந்தன என்பது மட்டும் பிரத்தியட்சம். உழைப்பு ஓரிடத்திலும் கணக்கு வேறிடத்திலும் இருக்கையில், கணக்கு எங்கே சாய்கிறது என்று நடுவழியில் பார்த்துச் சொல்ல வாய்ப்புள்ளவர் யார்?

இன்றைக்குத் திரும்புவோம். பகாவைச் சுற்றியுள்ள கித்தாவில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. பட்டைக்குப் பதிலாகக் குலை வந்திருக்கிறது. பழுக்காத குலையை வெட்டினால் டன் கணக்கு நிறையும், எண்ணெய் குறையும்; உதிர்ந்த பழங்களைப் பொறுக்காமல் விட்டால் நேரம் மிச்சமாகும், பணம் மண்ணில் கிடக்கும். ஆகையால் இங்கும் டன்னை எண்ணுபவர் ஒருவரும், காயையும் உதிரியையும் எண்ணுபவர் ஒருவரும் தேவைப்படுகிறார்கள். நல்ல தோட்டங்களில் இருக்கவும் இருக்கிறார்கள். ஆனால் குலை வெட்டுபவர் இன்று நம்மவரல்லர். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடன்பட்டு வந்தவர். அவருடைய பெர்மிட் புதுப்பிக்கப்படுவதோ நின்றுபோவதோ, அவருக்கு இலக்கு வைக்கும் அதே முதலாளியின் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் இந்தச் சரிவில் இத்தனை குலை இறக்க முடியாது என்று அவர் மண்டோரிடம் சொல்வார். மண்டோர் தம் பதிவேட்டில் கழுத்துவரைக்கும் அமிழ்ந்தவர். மேலே போகும்போது அந்தச் சொல் தொழிலாளியின் சோம்பல் என்ற பெயரில் போய்ச்சேரும். ஆலோசகர் நியமித்துச் சென்ற அமைப்பாளரோ நிர்வாகியிடம் சம்பளம் வாங்குகிறவர். காலாண்டுப் பரிசீலனையில், இலக்கு எட்டியதைக் காட்டும் பச்சை நிறம் மிகுந்தால் அவருக்குத்தான் பாராட்டு. இந்நிலையில், குறைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள் என்று சுவரில் ஒரு பெட்டி மாட்டிவைப்பதனால் விளையும் பயன் யாதென்று எனக்கு விளங்கவில்லை.

தனியார் நிறுவனங்களில் இதற்குப் பரிகாரம் காண்பது சிரமந்தான். தொழிற்சங்கக் கிளையின் செயலாளரைப் பரிசீலனைக் கூட்டத்தில் உட்காரவைக்கும் மனம் எந்த நிர்வாகிக்கு வரும் என்று சொல்ல முடியாது. கூட்டுறவுச் சங்கங்களுக்கோ சாக்குச் சொல்ல இடமில்லை. 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ், நிர்வாகக் குழுவுக்கு வெளியே, உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கும் உட்கணக்காய்வுக் குழு என்ற ஒன்று அவற்றுக்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் அக்குழுவின் வேலை ரசீதுகளைப் புரட்டிக் கையெழுத்திடுவதோடு நின்றுவிடுகிறது. நிர்வாகம் வைக்கும் ஒவ்வோர் இலக்கின் அருகிலும், அதனால் எது கெடக்கூடும் என்று ஒரு வரி எழுதி, அந்த வரியைக் கண்காணிக்கும் பொறுப்பை இக்குழுவிடம் தருவதற்கு ஆலோசகர் எவரும் வர வேண்டியதில்லை. பொதுக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து தீர்மானம் கொண்டுவர, மற்றொருவர் வழிமொழிந்தால் போதும். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்புகள் தபாலில் வந்துசேரும் பருவத்தில், தீர்மானங்களை இத்தனை நாளைக்கு முன்பே எழுத்து மூலம் அனுப்ப வேண்டும் என்று அதன் அடியில் அச்சிட்டிருக்கும் வரியை வாசகர்கள் கவனித்துப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.